தற்கால உலகில் முடியாட்சி

மனிதர் வகுத்த ஆட்சி முறைகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று முடியாட்சி. தமிழ்ச் சான்றோர் அரசியலைப்பற்றிச் சிந்தித்தபோதெல்லாம் அரசனைப்பற்றியே சிந்தித்தனர். திருக்குறளின் பொருட்பால் இறைமாட்சி என்னும் அதிகாரத்தோடு தொடங்குவதும், சங்கப் புலவர் மன்னரைப் புகழ்ந்ததோடு அமையாது வேண்டியவிடத்து இடித்துரைத்ததும் இதனாலேயாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புப் பிழைபட்டதென்று அறிந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் துறக்கின்றான். ஆட்சி அவனுடையது, ஆதலின் பிழையும் அவனுடையது. ஆள்பவன் எவனோ அவனே பொறுப்பாளி என்பது பழைய முடியாட்சியின் உயிர்நாடி.

இன்று முடி சூடியுள்ள மன்னருட் பலர் இந்நிலையினின்றும் முற்றும் வேறுபட்டவர். அரசன் தவறிழையான் என்பது ஆங்கில அரசியற் சட்டத்தில் வேரூன்றிய ஒரு கோட்பாடு. அரசன் குறையற்ற பண்பினன் என்பது அதன் கருத்தன்று. அரசன் பெயரால் நிகழும் செயல் ஒவ்வொன்றுக்கும் மந்திரி ஒருவர் பொறுப்பேற்றுப் பாராளுமன்றத்திற்கு விடை கூறுதல் வேண்டும் என்பதே இன்று அதற்குக் கொள்ளப்படும் பொருள். தானாக எதனையும் செய்யாதவனுக்குத் தவறு செய்தற்கும் இடமில்லை. பாண்டியனுக்கும் இக்கால மன்னனுக்கும் இடையிலுள்ள தொலைவு இது. இத்தொலைவைக் கடக்க இசைந்த முடிகள் பெரும்பாலும் நிலைத்தன. இசையாதவற்றுட் பல வீழ்ந்தன. இவ்வுண்மையைக் கடந்த நூறாண்டு வரலாறு எவ்வாறு நிறுவுகின்றது என்பதும், அதற்கு விலக்காய் நிற்கும் நாடுகளின் நிலை யாது என்பதும், முடியின் நிழலில் வாழும் மக்களுக்கு அதனால் விளையும் காப்பு எத்துணையது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

முடிகள் வீழ்ந்த நூற்றாண்டு

1914 ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பிய வல்லரசுகளுள் குடியரசாயிருந்தது பிரான்சு ஒன்றே. அடுத்த எட்டாண்டுகளுக்குள் நான்கு பேரரசுகள் மறைந்தன. 1917 இல் உருசியச் சாரின் முடியும், 1918 இல் செருமானிய, ஒஸ்திரிய முடிகளும், 1922 இல் துருக்கியச் சுல்தானின் முடியும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. சீனத்தில் 1912 இலேயே பேரரசு முடிவுற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரின்பின் இத்தாலி, யூகோசிலாவியா, பல்கேரியா, உருமேனியா ஆகிய நாடுகள் மன்னரை நீக்கின. தொடர்ந்து எகிப்து 1953 இலும், ஈராக்கு 1958 இலும், லிபியா 1969 இலும் குடியரசுகளாயின. எதியோப்பியப் பேரரசர் 1974 இல் பதவியிழந்தார். 1979 இல் ஈரானிய மன்னராட்சி கவிழ்ந்தது.

எனினும் முடியாட்சி அழிந்துபோகவில்லை. இன்றும் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மன்னரோ அரசியோ சுல்தானோ அமீரோ நாட்டின் தலைமையை வகிக்கின்றார். அவற்றுட் பதினைந்து நாடுகளுக்கு மூன்றாம் சாள்ஸ் ஒருவரே மன்னர். மேலும் கருதத்தக்கது யாதெனில், நோர்வே, சுவீடன், டென்மார்க்கு, நெதர்லாந்து, பெல்ஜியம், யப்பான் முதலிய நாடுகள் முடியை வைத்துக்கொண்டே மக்களாட்சியிற் சிறந்து விளங்குகின்றன. அதே நூற்றாண்டிற் குடியரசென்று பெயர் சூட்டிக்கொண்ட நாடுகள் பலவற்றிற் கொடுங்கோலாட்சி தலைவிரித்தாடியது. எனவே முடியரசு என்றால் அடிமைத்தனம், குடியரசு என்றால் விடுதலை என்று இலகுவாகப் பகுத்துவிடல் இயலாது.

பிரித்தானிய முறை

பிரித்தானிய முடி ஒரே நாளில் அதிகாரத்தைக் கைவிட்டதன்று. 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி விதித்தலையும், அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்திருத்தலையும் மன்னனுக்கு மறுத்தது. 1701 ஆம் ஆண்டின் சட்டம் பட்டத்திற்கு உரியோர் யாவர் என்பதையே பாராளுமன்றம் வரையறுக்கும் நிலையை உறுதிப்படுத்தியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு இசைவு மறுத்த கடைசி நிகழ்ச்சி ஆன் அரசியின் காலத்தில், 1708 இல் நடந்தது. இசைவு மறுக்கும் உரிமை எச்சட்டத்தாலும் நீக்கப்படவில்லை. ஆயினும் மூன்று நூற்றாண்டுகளாக எவரும் அதனைப் பயன்படுத்தத் துணியவில்லை. ஆங்கில அரசியலமைப்பின் இயல்பு இதனாற் புலப்படும்: ஏட்டில் உள்ளது ஒன்று, வழக்கில் உள்ளது வேறொன்று.

1867 இல் இவ்வமைப்பை விளக்கி நூலெழுதிய உவோல்றர் பேசொற்று என்பார் அரசியலமைப்பின் உறுப்புக்களை இரண்டாகப் பகுத்தார். ஒன்று மக்களின் மதிப்பையும் பற்றையும் ஈர்ப்பது. மற்றையது உண்மையாகவே ஆளுவது. முடி முதலாவதைச் சேர்ந்தது. மந்திரிசபை இரண்டாவதைச் சேர்ந்தது. மன்னனுக்கு எஞ்சியுள்ளவை மூன்று உரிமைகளே என்றும் அவர் கூறினார். மந்திரிகள் தன்னைக் கலந்தாலோசித்தல், தான் அவர்களை ஊக்குவித்தல், தான் அவர்களை எச்சரித்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் மந்திரியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அன்று என்பது கவனிக்கற்பாலது.

எஞ்சிய சிறு விருப்புரிமையும் காலப்போக்கிற் குறைந்தது. 1957 இலும் 1963 இலும் பழைமைபேண் கட்சிப் பிரதமர் விலகியபோது அடுத்தவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு எலிசபெத்து அரசியின்மேல் வீழ்ந்தது. அத்தெரிவுகள் கண்டனத்திற்கு உள்ளாயின. 1965 தொடக்கம் அக்கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பால் தெரிந்துகொள்ள, அரசியின் வேலை எளிதாயிற்று. சுவீடன் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அந்நாட்டின் 1974 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிரதமரை முன்மொழியும் உரிமையை மன்னனிடமிருந்து எடுத்துச் சபாநாயகரிடம் கொடுத்தது. மசோதாக்களுக்கு மன்னன் ஒப்பமிடும் வழக்கமும் அதனோடு ஒழிந்தது.

அதிகாரமற்ற முடியினால் ஆபத்தும் இல்லையோ எனின், அவ்வாறு கூறிவிடல் இயலாது. முடியின் பெயரிலுள்ள பழைய அதிகாரங்கள் மறைவதில்லை. அவை மந்திரியின் கைக்கு மாறுகின்றன. 2019 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திற் பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்குமாறு அரசிக்கு ஆலோசனை கூறினார். அரசி அதனை மறுத்திருப்பின் கட்சிச் சண்டையில் முடி இறங்கியதாகும். மறுக்காதிருப்பின் பாராளுமன்றத்தின் வாயை அடைக்க முடி துணைபோனதாகும். அரசி வழக்கத்தைப் பின்பற்றி ஆலோசனையை ஏற்றார். செப்டெம்பர் 24 ஆந் திகதி நாட்டின் உயர் நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்களும் ஒருமுகமாக அவ்வொத்திவைப்புச் சட்டத்திற்கு முரணானதென்றும், ஆதலால் வெறுமையானதென்றும் தீர்த்தனர். பாராளுமன்றத்தின் உரிமையைக் காத்தது முடியன்று, நீதிமன்றமே. முடியாட்சியைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய செய்தி இது.

அவுஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நடந்தது. 1975 நவம்பர் 11 ஆந் திகதி, வரவுசெலவு மசோதாவை மேற்சபை தடுத்து வைத்திருந்த நெருக்கடியில், மகாதேசாதிபதி சேர் யோன் கேர் பிரதமர் கவு விற்லமைப் பதவி நீக்கினார். கீழ்ச்சபையிற் பெரும்பான்மை பெற்றிருந்த ஒரு பிரதமர், மக்களால் தெரிவுசெய்யப்படாத ஒருவரால் நீக்கப்பட்டமை அந்நாட்டை உலுக்கியது. பின்னர் நடந்த தேர்தலில் விற்லமின் கட்சி தோல்வியுற்றதாயினும், அச்செயல் முறையானதோ என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் 1999 இற் குடியரசு வேண்டுமா என்று வினவப்பட்டபோது, வாக்காளருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் வேண்டாவென்றனர். பாராளுமன்றம் தெரிந்தெடுக்கும் சனாதிபதியைக் குடியரசை விரும்பியோருட் பலரே விரும்பாமை அதற்கு ஒரு காரணம்.

நெருக்கடி என்னும் உரைகல்

அமைதிக் காலத்தில் மன்னன் ஒருவனின் தகுதியை அளத்தல் அரிது. அரசியலமைப்புச் சிதையும் நெருக்கடியிலேயே அது வெளிப்படும். ஐரோப்பாவில் நால்வரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1922 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் உரோமாபுரியை நோக்கி வந்தபோது, இத்தாலிய மந்திரிசபை இராணுவச் சட்டத்தைப் பிறப்பிக்க முடிவு செய்தது. மன்னர் மூன்றாம் விற்றோரியோ இமானுவேல் அதில் ஒப்பமிட மறுத்து, முசோலினியையே ஆட்சியமைக்க அழைத்தார். இருபதாண்டுக்கு மேல் நிகழ்ந்த அனைத்திலும் அம்முடிக்குப் பங்கு உண்டாயிற்று. 1943 இல் அவர் முசோலினியை நீக்கியதும், 1946 மே மாதத்தில் மகனுக்காக முடி துறந்ததும் காலங்கடந்த கழுவாய்களே. அவ்வாண்டு யூன் 2 ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்துநான்கு பேர் குடியரசை வேண்டினர்.

நோர்வேயில் நடந்தது வேறு. 1905 இற் சுவீடனிலிருந்து பிரிந்த அந்நாடு, டென்மார்க்கின் இளவரசர் ஒருவரை மன்னராக அழைத்தபோது, மக்கள் வாக்களித்தாலன்றி வாரேன் என்று அவர் கூறினார். வாக்களித்தோருள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் இசையவே ஏழாம் ஓக்கன் என்னும் பெயரோடு முடி சூடினார். 1940 ஏப்பிரிலிற் செருமானியப் படை புகுந்து, குவிசிலிங்கைப் பிரதமராக நியமிக்குமாறு அவரை வற்புறுத்தியது. முடிவு செய்யும் பொறுப்பு மந்திரிசபையினதே என்றும், அது செருமானியரின் கோரிக்கைக்கு இணங்குமாயின் தாம் முடி துறப்பார் என்றும் அவர் கூறினார். மந்திரிசபை இணங்கவில்லை. அவர் அதிகாரம் எதனையும் பறித்துக்கொள்ளவில்லை. தம் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்த இடங்கொடுக்கவில்லை, அவ்வளவே. 1945 இல் அவர் நாடு திரும்பியபோது அம்முடியின் வேர் முன்னிலும் ஆழமாகச் சென்றிருந்தது.

பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோப்போல்டு அதே ஆண்டு மே மாதத்தில் மந்திரிசபையின் சொல்லைக் கேளாது படையோடு சரணடைந்து நாட்டிலே தங்கினார். மந்திரிகள் வெளிநாடு சென்று போரைத் தொடர்ந்தனர். போர் முடிந்தபின் அவர் திரும்புதல் தகுமோ என்று நாடு இரண்டுபட்டது. 1950 மார்ச்சு மாத வாக்கெடுப்பில் மொத்தத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு அளவினர் அவரை ஆதரித்தனர். ஆயின் பிளெமிய மொழி வழங்கும் வடபகுதியில் ஆதரவு எழுபத்திரண்டு. பிரெஞ்சு மொழி வழங்கும் தென்பகுதியில் நாற்பத்திரண்டே. யூலையில் மன்னர் திரும்பியதும் வேலைநிறுத்தமும் கலகமும் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவர் அதிகாரத்தை மகனிடம் ஒப்படைத்து, அடுத்த ஆண்டு முடி துறந்தார். ஈரினம் வாழும் நாட்டில் முடிக்குரிய கடமை இருசாராரையும் இணைத்தல். ஒரு சாராரின் மன்னனாக ஆனவன், பெரும்பான்மை வாக்குப் பெற்றும் மன்னனாக நிலைக்க முடியாதென்பதை அவ்வாக்கெடுப்பு உணர்த்தியது.

இசுப்பானியாவின் யுவான் கார்லோசு, சர்வாதிகாரி பிராங்கோ தமக்குப்பின் ஆளுமாறு நியமித்தவர். 1975 இல் முடி சூடிய அவர், தமக்குக் கிடைத்த அதிகாரத்தைக் கைவிட வழி செய்தார். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவரை மந்திரிகளின் ஒப்பத்திற்குக் கட்டுப்பட்ட மன்னராக்கியது. 1981 பெப்ருவரி 23 ஆந் திகதி ஆயுதந் தாங்கிய காவற்படையினர் பாராளுமன்றத்துட் புகுந்து உறுப்பினரைச் சிறைவைத்தபோது, அவர் தளபதியின் சீருடையோடு தொலைக்காட்சியிற் தோன்றி, அரசியலமைப்பைக் காக்குமாறு படைக்குக் கட்டளையிட்டார். கலகம் அடங்கியது. ஆயினும் பிற்காலத்தில் பணவிவகாரங்களால் அவர் புகழ் மங்கியது. 2014 இல் முடி துறந்து, 2020 இல் நாட்டைவிட்டே நீங்கினார். ஒரு நாட் செய்த நன்மையும் வாணாள் முழுவதற்கும் காப்பாக அமைவதில்லை.

யப்பானியப் பேரரசர்

ஆசிய நாடுகளுள் யப்பானின் மாற்றம் மிகப் பெரியது. 1889 ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பேரரசரைப் புனிதராகவும் படைகளின் தலைவராகவும் கொண்டது. அவர் பெயரால் தொடங்கிய போரில் நாடு அழிவுற்றது. 1947 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு அவரை நாட்டின் சின்னமாகவும் மக்கள் ஒற்றுமையின் சின்னமாகவும் ஆக்கி, ஆட்சி அதிகாரம் எதுவும் அவருக்கில்லை என்று விதித்தது. அக்கிகித்தோ பேரரசர் முதுமையால் ஓய்வு பெற விரும்பியபோது, அதனைக் கேட்கும் அதிகாரமும் அவருக்கிருக்கவில்லை. 2016 இல் அவர் தம் மனக்கவலையை நாட்டு மக்களுக்குக் குறிப்பாக உணர்த்தினார். பாராளுமன்றம் 2017 இல் அவருக்கென்றே ஒரு சட்டம் இயற்ற, 2019 ஏப்பிரில் 30 ஆந் திகதி முடி துறந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் அத்தகைய முடிதுறப்பு அந்நாட்டில் நிகழ்ந்ததில்லை.

இமயத்து இரு முடிகள்

ஒரே மலைத்தொடரில் அமைந்த இரு நாடுகள் 2008 ஆம் ஆண்டில் இரு வேறு முடிவுகளை எய்தின.

நேபாளம் உலகின் ஒரே இந்து முடியரசாக விளங்கியது. மன்னனைத் திருமாலின் அவதாரமாகக் கொள்ளும் மரபு அங்கிருந்தது. 1959 இல் முதன்முறை நடந்த பொதுத்தேர்தலில் நேபாளக் காங்கிரசு வென்று பி. பி. கொய்ராலா பிரதமரானார். 1960 டிசெம்பரில் மகேந்திர மன்னர் அவ்வாட்சியைக் கலைத்துப் பிரதமரைச் சிறையிலிட்டார். கட்சியற்ற பஞ்சாயத்து முறை முப்பதாண்டு நிலவியது. 1990 ஆம் ஆண்டு மக்கட் கிளர்ச்சியின் பயனாக வீரேந்திர மன்னர் பல கட்சி மக்களாட்சிக்கு இசைந்தார். 2001 யூன் முதலாந் திகதி அரண்மனையில் நடந்த படுகொலையில் அவரும் குடும்பத்தினரும் மாண்டனர். அடுத்துப் பட்டத்திற்கு வந்த ஞானேந்திரர், மாவோவாதிகளின் உள்நாட்டுப் போரைக் காரணங்காட்டி 2005 பெப்ருவரியில் ஆட்சியைத் தம் கையிலெடுத்தார். அன்றுவரை மந்திரிகள்மேல் வீழ்ந்த பழியெல்லாம் அன்றுதொட்டு அரியணைமேல் வீழ்ந்தது. 2006 ஏப்பிரிலில் மக்கள் தெருவிலிறங்கினர். 2008 மே 28 ஆந் திகதி அரசியல் நிர்ணய சபை 560 வாக்குக்கு எதிராக 4 வாக்கு என்னும் கணக்கில் முடியாட்சியை ஒழித்தது. இருநூற்று நாற்பது ஆண்டு நிலைத்த முடி, மன்னர் நேராக ஆண்ட பதினான்கு மாதங்களில் தன் வேரை இழந்தது.

பூட்டானிலோ மன்னரே முந்திக்கொண்டார். நான்காம் மன்னர் சிக்மே சிங்கே வாங்குசுக்கு 1998 இல் நாளாந்த ஆட்சியைத் தெரிவுசெய்யப்பட்ட மந்திரிசபையிடம் ஒப்படைத்தார். அரசியலமைப்பொன்றை வரையுமாறு 2001 இற் பணித்தார். 2006 டிசெம்பரில் மகனுக்காக முடி துறந்தார். 2008 மார்ச்சில் முதலாவது பொதுத்தேர்தலும் யூலையில் அரசியலமைப்பும் வந்தன. மன்னர் அறுபத்தைந்து வயதில் ஓய்வுபெற வேண்டுமென்பதும், பாராளுமன்றத்தின் முக்காற் பங்கினர் விரும்பி மக்களும் வாக்கெடுப்பில் இசைந்தால் அவரை நீக்கலாமென்பதும் அதன் விதிகள். மக்கள் கேளாதிருக்கவே அதிகாரத்தைக் கொடுத்த மன்னர் வரலாற்றில் அரியர்.

ஆயினும் பூட்டானைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். 1985 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன் பின்னைய நடவடிக்கைகளும் அந்நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த நேபாள மொழியினரை நாடற்றோராக்கின. அவர்களுட் பெரும்பாலோர் இந்துக்கள். ஏறக்குறைய ஓரிலட்சம் பேர் நேபாளத்தில் அகதி முகாம்களில் வாழ்ந்து, பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளிற் குடியேறினர். அதிகாரத்தைத் துறந்த அதே மன்னரின் காலத்தில் இது நிகழ்ந்தது. நல்லெண்ணம் படைத்த மன்னனும் எல்லாக் குடிகளுக்கும் நிழலாவதில்லை.

ஆளும் மன்னர்கள்

மன்னரே உண்மையாக ஆளும் நாடுகளும் உள. சவூதி அரேபியா, ஓமான், ஐக்கிய அரபு இராச்சியங்கள், கத்தார், புரூணை என்பன அவற்றுட் சில. எண்ணெய்ச் செல்வம் இவற்றின் பொதுவான அடிப்படை. வரி கொடுப்போனே கணக்குக் கேட்பான் என்பது ஆங்கில வரலாறு கற்பிக்கும் பாடம். குடிகளிடம் வரி வாங்குதற்குப் பதிலாகக் குடிகளுக்குக் கொடுக்கும் அரசு அக்கேள்விக்கு நெடுங்காலம் ஆளாவதில்லை. குவைத்து இவ்வரிசையில் வேறுபட்டு, 1960 களிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை வைத்திருந்தது. 2024 மே மாதத்தில் அந்நாட்டின் அமீர் அச்சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில விதிகளை நான்காண்டு வரையில் நிறுத்திவைத்தார்.

அமெரிக்க அரசியலறிஞர் சாமுவேல் அண்டிங்டன் 1968 இல் வெளியிட்ட நூலில் ஆளும் மன்னர்க்குரிய ஓர் இக்கட்டை எடுத்துக்காட்டினார். நாட்டைச் சீர்திருத்தும் மன்னன் பள்ளிகளையும் நகரங்களையும் படித்த வகுப்பினரையும் உண்டாக்குகின்றான்; அவ்வகுப்பினரே பின்னர் ஆட்சியிற் பங்கு கேட்கின்றனர். பங்கு கொடுத்தால் மன்னனின் அதிகாரம் குன்றும். கொடாவிடிற் கிளர்ச்சி மூளும். பதினோராண்டு கழித்து ஈரானில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாயிற்று. எண்ணெய் இவ்விக்கட்டை ஒத்திவைக்கலாம், நீக்க மாட்டாது.

இவ்விரு வகைக்கும் இடையில் மலேசியா நிற்கின்றது. 1957 தொடக்கம் ஒன்பது மாநில அரசர்கள் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேரரசராகத் தெரிந்துகொள்கின்றனர். 1993 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அரசர்கள்மீதும் தனி நீதிமன்றமொன்றில் வழக்குத் தொடரலாம். பிறப்பும் தெரிவும் ஒருங்கே கலந்த இவ்வமைப்பு, முடியாட்சிக்கு ஒரே வடிவந்தான் உண்டு என்னும் எண்ணத்தை நீக்கும்.

இலங்கையின் அநுபவம்

இலங்கையிற் சுதேச முடியாட்சி 1815 மார்ச்சு 2 ஆந் திகதி முடிவுற்றது. கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் செய்த உடன்படிக்கை நாயக்கர் மரபினனான சிறீ விக்கிரம இராசசிங்கனை நீக்கி, ஆட்சியைப் பிரித்தானிய மன்னனுக்கு அளித்தது. வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அம்மன்னன் 1832 இல் அங்கேயே உயிர் நீத்தான். யாழ்ப்பாண அரசு அதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, 1619 இல், போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்திருந்தது.

1948 பெப்ருவரி 4 ஆந் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றபோது முடியாட்சி நீங்கவில்லை. ஆறாம் யோர்சு மன்னரும், 1952 முதல் எலிசபெத்து அரசியும் நாட்டின் தலைமையை வகித்தனர். மகாதேசாதிபதி அவர் பெயராற் கடமையாற்றினார். இந்தியா 1950 இற் குடியரசாகியும் பொதுநலவாயத்தில் நிலைத்தமையால், முடியை நீக்கினாற் பொதுநலவாயத்தை விட்டு நீங்கவேண்டும் என்னும் தடை அன்றே அகன்றுவிட்டது. 1972 மே 22 ஆந் திகதி இலங்கையும் குடியரசாயிற்று. முதல்நாள்வரை மகாதேசாதிபதியாயிருந்த வில்லியம் கோபல்லவவே சனாதிபதியானார். பெயர் மாறியது, பணி பெரிதும் மாறவில்லை.

முடி இருந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் அது சிறுபான்மையினர்க்குக் காப்பளித்ததோ என்னும் வினா தமிழரிடையே எழுவது இயல்பு. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் அரசகருமமொழிச் சட்டமும் முடியின் பெயரால் இசைவு பெற்றவையே. மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கும் முடி அவற்றைத் தடுத்திருத்தல் இயலாது. சமூகங்களுக்கிடையே வேற்றுமை காட்டும் சட்டங்களை விலக்கிய சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவைக் கொண்டு பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த வழக்கும் 1953 இற் கோமறைக் கழகத்தில் தோற்றது. 1972 இல் அப்பிரிவும் நீங்கியது. காப்பு இருந்திருக்குமாயின் அது முடியில் அன்று, அப்பிரிவிலும் அதனைப் பொருள்கொள்ளும் நீதிமன்றத்திலுமே இருந்திருக்கும். அவ்விரண்டும் துணைசெய்யாதவிடத்து முடி வாளா இருந்தது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு வேறொரு பாதையிற் சென்றது. மக்கள் நேரே தெரியும் சனாதிபதி நாட்டின் தலைவராகவும் ஆட்சித் தலைவராகவும் முப்படைத் தளபதியாகவும் ஆனார். பதவியிலிருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடரலாகாதென்றும் விதிக்கப்பட்டது. 2015 இல் 19 ஆந் திருத்தமே அடிப்படை உரிமை வழக்குகளுக்கு ஓரளவு வழி திறந்தது. பிரித்தானிய முடி பெயரளவில் வைத்திருந்த அதிகாரங்களை இச்சனாதிபதி உண்மையில் வைத்திருந்தார். பாராளுமன்றத்தில் நம்பிக்கையிழந்த பிரதமர் ஒரே வாக்கெடுப்பில் விலக நேரும். சனாதிபதியை அவ்வாறு விலக்கல் அரிது. 2022 யூலையிற் பெருங் கிளர்ச்சிக்கு அஞ்சிச் சனாதிபதி நாட்டை விட்டேகி, அதன்பின்னரே பதவி துறந்தமை இதனை நாடறியச் செய்தது. முடியை நீக்கிய நாடு மன்னரதிகாரத்தையும் நீக்கியதாகாது.

முடிவுரை

பிறப்பாற் பதவி பெறுதல் பகுத்தறிவிற்கு ஒத்ததன்று. தந்தையின் அறிவும் ஆற்றலும் மகனுக்கு உரிமையாய் வருவதில்லை. இக்குற்றச்சாட்டுக்கு முடியாட்சியை ஆதரிப்போர் முழு விடை கூறியதில்லை. அவர் கூறக்கூடியது ஒன்றே: நாட்டின் மிகவுயர்ந்த ஆசனத்தைக் கட்சிப் போட்டிக்கு அப்பால் வைத்திருத்தலே முடியின் பயன். அப்பயனை இந்தியாவும் அயர்லாந்தும் செருமனியும் அதிகாரங் குறைந்த சனாதிபதிகளைக் கொண்டு முடியின்றியே பெறுகின்றன. ஆதலின் முடி இன்றியமையாததன்று. நெடுங்காலமாக முடியோடு மக்களாட்சியைப் பொருத்தி வாழ்ந்த நாடுகள் அதனை வலிந்து களைதலும் இன்றியமையாததன்று.

முடியாட்சியா குடியாட்சியா என்னும் வினாவினும் முதன்மையானது வேறொன்றுண்டு. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் எவர்? அவரைக் கேள்வி கேட்க வல்ல சபை எது? அவர் வரம்பு கடப்பின் தடுக்க வல்ல நீதிமன்றம் எது? கலகமின்றி அவரை நீக்கும் வழி யாது? வாக்கிற் சிறுபான்மையாயுள்ளோரும் அவரிடம் நீதி பெறல் கூடுமோ? இவ்வினாக்களுக்கு நல்விடை கூறவல்ல நாடு முடி சூடியிருப்பினும் சூடாதிருப்பினும் நல்லரசே. விடை கூற இயலாத நாட்டிற் பாண்டியனுக்கிருந்த அதிகாரம் இருக்கும்; பாண்டியனுக்கிருந்த பொறுப்புணர்ச்சி மட்டும் இராது.